குருக்கள் தனியாகப் போட்ட ரிட்டர்ன்

1. ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம்

ஆடிக் கிருத்திகை முடிந்த வாரத்தில் திருத்தணியில் யாருக்கும் வேலை ஓடாது. காவடிக் கூட்டம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கும். கடைக்காரர்கள் தூக்கம் கலையாத முகத்தோடு ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருப்பார்கள். அப்படி ஒரு காலையில் நான் ஆபீஸைத் திறந்து, ஃபேனைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது, பக்கத்து ஜெராக்ஸ் கடை மணி கதவுக்குள் தலையை நீட்டினான்.

"அக்கா, அமெரிக்கா கேஸு ஒன்னு வந்துகினு கீது. கைக்குழந்தையோட. அழுதுகினே வருது, பாத்துக்க."

அழுவது குழந்தை என்றுதான் நினைத்தேன். வந்த பிறகு பார்த்தால் குழந்தை தோளில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அழுதது தாய்.

அந்தப் பெண்ணின் பெயர் அகிலா. மலைக்கோயிலில் பூஜை செய்யும் குருக்கள் குடும்பத்து மருமகள். கணவர் கார்த்திகேய குருக்கள் அமெரிக்காவில் ஒரு முருகன் கோயிலில் அர்ச்சகராக இருக்கிறார். அகிலாவும் அவருடன் அங்கே இருந்தவள்தான். ஏழாம் மாதம் சீமந்தத்துக்காக டிசம்பர் தொடக்கத்தில் ஊருக்கு வந்தாள். மாசியில் பெண் குழந்தை பிறந்தது, அபிராமி என்று பெயர் வைத்தார்கள். இதற்குள் அகிலாவின் விசா காலம் முடிந்துவிட்டது. இப்போது அவளுக்கும் குழந்தைக்கும் புதிதாக விசா வாங்க வேண்டும். குருக்களாலும் ஊருக்கு வர முடியவில்லை. அவருடைய விசா நீட்டிப்பு மனு நடுவில் நின்றிருந்தது, வெளியே வந்தால் திரும்பிப் போவது சந்தேகம். மகளை அவர் போன் திரையில்தான் பார்த்திருக்கிறார்.

"அக்கா, எங்காத்துக்காரர் டேக்ஸ்ல என்னை விட்டுட்டு தனியா போட்டுட்டார். அங்க இருக்கற கோயில் வக்கீல் பாத்துட்டு, இதை வெச்சுண்டு விசாவுக்குப் போகாதேங்கோங்கறார்" என்றாள்.

"தனியா போட்டாரா? போன வருசம்?"

"அதுக்கு முந்தின வருஷத்துக்கு சேர்ந்து போட்டார். அதுக்காக எனக்கு வரி நம்பர்கூட வாங்கினா. இந்த தடவைதான் தனி. ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தோம்னு விசா பேப்பர்ல எழுதறேள், டேக்ஸ்ல பிரிச்சுக் காட்டியிருக்கேளே, ஏன்னு கேட்டா என்ன பதில் சொல்வேள்ங்கறார் வக்கீல்."

தனியாகப் போடுவது தப்பு இல்லை. அமெரிக்காவில் எத்தனையோ தம்பதிகள் ஒரே வீட்டில் இருந்துகொண்டே தனித்தனியாகப் போடுகிறார்கள். ஆனால் ஒரு வருடம் சேர்ந்தும் அடுத்த வருடம் காரணம் தெரியாமல் பிரிந்தும் இருந்தால், கேள்வி கேட்கிறவன் கேட்கத்தான் செய்வான். வக்கீல் பயப்பட்டதில் நியாயம் இருந்தது.

"அழாத. மொதல்ல உட்காரு. இது சரி பண்ற விஷயந்தான்" என்றேன்.

2. ரயிலில் போய்க் கற்ற வேலை

திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க வரி பார்ப்பவளா என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். பி.காம். முடித்துவிட்டு, விடியற்காலை மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய், ஒரு கம்பெனியில் பல வருடம் அமெரிக்க ரிட்டர்ன் தயாரிக்கும் வேலை பார்த்தேன். அமெரிக்காவில் இருக்கும் ஆடிட்டர்கள் அனுப்புவார்கள், நாங்கள் போட்டு முடித்துத் திருப்பி அனுப்புவோம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுவரை சீசன். அந்த மாதங்களில் இரவு திரும்பும்போது மணவூர் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன், பெரும்பாலும் அரக்கோணத்தில் யாராவது எழுப்புவார்கள். பிறகு அமெரிக்க வரித்துறை நடத்தும் பரீட்சையையும் எழுதி பாஸ் செய்து, சொந்த ஊரிலேயே ஆபீஸ் போட்டுவிட்டேன்.

சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த ஃபைலில் எல்லா எண்களையும் அழகாக நிரப்பி மேனேஜரிடம் கொண்டுபோனேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வியாசர்பாடிக்காரர், வாயைத் திறந்தால் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்.

"இன்னாம்மா இது? வாசல் எங்க வெக்கறதுன்னு தெரியாம செவுரு எழுப்பிகினு போயிருக்க? இந்த ஆளு கல்யாணம் ஆனவனா? ஆச்சுன்னா பொண்டாட்டியோட சேர்ந்து போடறானா, தனியா போடறானா? அத்த மொதல்ல கேளு. மீதி கணக்க மெஷினு போட்டுக்கும்."

அவர் சொன்னது ஃபைலிங் ஸ்டேட்டஸ் பற்றி. நம் நாட்டில் கணவன் ஒரு ரிட்டர்ன், மனைவி ஒரு ரிட்டர்ன், அவரவர் வருமானத்துக்கு அவரவர். அமெரிக்காவில் தம்பதி விரும்பினால் இரண்டு பேர் வருமானத்தையும் ஒரே ரிட்டர்னில் காட்டலாம். அதற்குப் பெயர் ஜாயின்ட். வேண்டாமென்றால் செபரேட். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் ஜாயின்ட் போட்டால் வரி நன்றாகக் குறையும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், குருக்கள் தனியாகப் போட்டதால் அதிக வரிதான் கட்டியிருந்தார். தனக்கே நஷ்டம் வருகிற மாதிரி ஒரு மனிதர் ஏன் போட வேண்டும்? எனக்கு அதுதான் புரியவில்லை.

3. பக்கத்தில் இல்லாத பத்தினி

மறுநாள் காலை ஏழு மணிக்கு அகிலா குழந்தையோடு ஆபீஸுக்கு வந்தாள். அங்கே இரவு, சன்னதி சாத்திவிட்டுக் குருக்கள் அறைக்குத் திரும்பியிருந்தார். வீடியோ காலில் வந்தார். நெற்றி நிறைய விபூதி, முப்பது வயதுக்குள் இருக்கும், நல்ல களையான முகம். என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு உடனே குழந்தையைத் தேடினார். அபிராமி போனைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டித் திரையைப் பிடிக்கப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரை அப்பா என்றால் கையில் பிடிக்கிற அளவுதான்.

"சாமி, கொஞ்சல் அப்பறம். போன வருசம் சேர்த்துதானே போட்டீங்க? இந்த தடவ இன்னாத்துக்கு தனியா போட்டீங்க?" என்றேன்.

"அக்கா, குழந்தை பொறந்த தீட்டு. பத்து நாள் கோயிலுக்குள்ள போகப்படாது. ரூம்லயே உக்காந்திருந்தேன். சும்மா இருப்பானேன்னு கம்ப்யூட்டர்ல நானே டேக்ஸ் போட ஆரம்பிச்சேன்."

"சரி. அதுல ஏன் தனி?"

"அவ இங்க இல்லையே."

"இல்லாட்டி இன்னா?"

அவர் என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பொறுமையாகப் பார்த்தார். "அக்கா, எந்தக் கர்மாவா இருந்தாலும் பத்தினி பக்கத்துல நின்னாதான் சேர்ந்து பண்றோம்னு சங்கல்பம் சொல்லலாம். அவ ஊர்ல இருக்கறச்சே, நான் இங்க தனியா உக்காந்துண்டு, சேர்ந்துன்னு டிக் பண்ணினா அது பொய்தானே? தனியா உக்காந்து போட்டேன், அதனால தனின்னு போட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அகிலா தலையைக் குனிந்துகொண்டாள், அவளுக்கும் சிரிப்புதான் என்று பிறகு சொன்னாள். இத்தனை வருடத்தில் வரியைக் குறைக்க ஸ்டேட்டஸை மாற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விவாகரத்தான பிறகும் கல்யாணம் ஆனவர் என்று போட்டவர் உண்டு, மனைவி அடுப்படியில் நிற்கும்போதே தனி ஆள் என்று போட்டவரும் உண்டு. பொய் சொல்லக் கூடாதென்று அதிக வரி கட்டிய மனிதரை முதல் முறையாகப் பார்க்கிறேன். இவரைத் திட்டவும் மனம் வரவில்லை.

"சாமி, நம்ம மலையில படித் திருவிழா எப்போ?"

"டிசம்பர் முப்பத்தொண்ணு. இதென்னக்கா கேள்வி, நான் அந்த மலையில பொறந்து வளர்ந்தவன்."

"போன தடவ அந்த படித் திருவிழா அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா, இல்லியா?"

"அக்கா!" என்று பதறினார்.

"அவ்ளோதான் சாமி. அமெரிக்காக்காரன் கேக்கறது அத்த மட்டுந்தான். வருசம் முடியற அந்த தேதியில கல்யாணம் ஆனவங்களா இருந்தா, அந்த முழு வருசத்துக்கும் சேர்ந்து போடலாம். யார் எந்த ஊர்ல நின்னாங்க, யார் கீபோர்டு தட்டினாங்கன்னு அவன் கேக்கல. டிசம்பர் வரைக்கும் இந்தப் பொண்ணு உங்க கூடத்தான் அங்க இருந்துச்சு. நீங்க தாராளமா சேர்த்து போட்டிருக்கலாம்."

"அப்போ இனிமே மாத்த முடியாதா?"

இந்த இடத்தில் அமெரிக்கச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதியைச் சொன்னேன். சேர்ந்து போட்ட தம்பதி, கடைசித் தேதி தாண்டிய பிறகு, எங்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள் என்று கேட்டால் நடக்காது. ஆனால் தனித்தனியாகப் போட்டவர்கள், சேர்ந்து போடுகிறோம் என்று வந்தால் அதற்கு மூன்று வருடம் வரை கதவு திறந்திருக்கும். பழைய ரிட்டர்னை அமெண்ட் செய்ய வேண்டும், அதாவது திருத்தி அனுப்ப வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். வரிச் சட்டத்தை எழுதியவர்கள் யாரோ, அவர்கள் வீட்டிலும் சண்டை வந்து சமாதானம் ஆகியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

குருக்கள் முகம் மலர்ந்துவிட்டது. வழக்கமாகக் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். சம்பளம் கோயிலிலிருந்து, அதற்கான டபிள்யூ-டூ படிவம் கையில் இருக்கிறது. வங்கி வட்டி கொஞ்சம். "வேற வருமானம் ஏதாவது?"

"ஒண்ணும் இல்லைக்கா."

குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த அகிலாவின் கை நின்றது.

4. தட்டில் வைப்பது

போனை வைத்த பிறகு அவள் கிளம்பவில்லை.

"அக்கா, நான் கையெழுத்துப் போட்டா, அதுல எழுதியிருக்கறது எல்லாம் நெஜம்னு நானும் சேர்ந்து சொல்ற மாதிரியா?"

"ஆங், அப்படித்தான். இன்னும் சொல்லப்போனா, நாளைக்கு அதுல ஏதாவது விட்டுப்போயிருந்தா, சம்பாதிச்சது அவர்னாலும் உன்னையும்தான் கேப்பாங்க. தனியா போட்டா அந்தத் தொல்ல உனக்கு இல்ல. சேர்ந்து போட்டா ரெண்டு பேருக்கும் முழுப் பொறுப்பு."

இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குகிறவர்கள் உண்டு. வேலை சீக்கிரம் முடியும். நான் சொல்லிவிடுவேன், சொன்னால் வருகிற வம்பையும் அனுபவிப்பேன்.

"அப்போ தட்சிணை எழுதலையே" என்றாள் அகிலா.

விஷயம் இதுதான். அங்கே வீடுகளில் கிரகப்பிரவேசம், ஆயுஷ்ஹோமம், சத்தியநாராயண பூஜை என்றால் கோயிலில்தான் புக் செய்வார்கள். பூஜைக்கான கட்டணம் கோயிலுக்குப் போய்விடும். பூஜை முடிந்து குருக்களை நமஸ்காரம் செய்யும்போது தட்டில் வெற்றிலை பாக்கோடு வைப்பது அவருக்கு. சிலர் நோட்டாக வைப்பார்கள், சிலர் போனில் அனுப்பிவிடுவார்கள்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்ததும் மடியிலேர்ந்து எடுத்து முருகன் படத்துக்கு முன்னாடி வெப்பார். நான்தான் எடுத்து உள்ள வெப்பேன். எனக்குத் தெரியாதுன்னு நான் எப்படிக்கா சொல்றது? அதை எழுதாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"எழுதினா உங்களுக்குத் திரும்பி வர்ற ரீஃபண்ட் பணம் கொறயும். தெரியுதா?"

"தெரியறது."

அடுத்த நாள் காலை மறுபடி அவரைக் கூப்பிட்டோம். தட்சிணை என்று நான் ஆரம்பித்ததுமே குருக்களின் குரல் மாறிவிட்டது.

"தட்சிணை சம்பளம் இல்லைக்கா. நான் யார்கிட்டயும் இவ்வளவு குடுன்னு கேட்டதில்லை. அவாளுக்குத் தோணினதை பகவானை நெனச்சுண்டு வெக்கறா. அதுக்குப் போய் வரியா? எங்கப்பா, எங்க தாத்தா, யாரும் தட்சிணைக்குக் கணக்கு எழுதினதில்லை."

"சாமி, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா அந்த ஊர்ல, செய்யற வேலைக்காக கைக்கு வர்றது எதுவா இருந்தாலும் அது வருமானந்தான். ஓட்டல்ல சர்வருக்கு வெக்கற டிப்ஸுக்கே வரி போடறான்."

இந்த உதாரணத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. "குருக்களும் சர்வரும் ஒண்ணா?" என்று கேட்டார், கோபமாக இல்லை, நிஜமாகவே மனம் நொந்துபோய். பிறகு அகிலாவிடம் திரும்பினார். "உனக்கு எதுக்கு இதெல்லாம்? நான் சொல்ற இடத்துல கையெழுத்துப் போடு. வக்கீல் கேட்டது சேர்ந்து போடறதைத்தான். தட்சிணையை யார் கேட்டா?"

அகிலா எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை. அன்று பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏன்னா, விசா ஆபீஸ் ஜன்னல்ல நிக்கப்போறது நான். குழந்தையை இடுப்புல வெச்சுண்டு நான் தனியா நிக்கணும். நீங்க பக்கத்துல இருக்க மாட்டேள். ஆத்துக்காரருக்கு சம்பளம் தவிர வேற என்ன வரும்னு அவா கேட்டா நான் என்ன சொல்லட்டும்? ஒண்ணும் வராதுன்னு பொய் சொல்லட்டுமா, வரும் ஆனா எழுதலைன்னு நெஜத்தைச் சொல்லட்டுமா? நீங்களே சொல்லிக்குடுங்கோ."

அவர் போனை வைத்துவிட்டார். திரை இருண்டது. அபிராமி கொஞ்ச நேரம் அந்த இருண்ட போனையே தட்டிக்கொண்டிருந்தாள்.

5. ஒரு வாரம்

அன்று மாலையே குருக்களின் அப்பா எனக்குப் போன் செய்தார். மலைக்கோயிலில் பெரியவர், ஊரே மரியாதை வைத்திருக்கும் மனிதர். "என்னம்மா, நன்னா இருந்த குடும்பத்துல கலகம் பண்றேளா? ஒரு கையெழுத்து வாங்கிக் குடுங்கோன்னு அனுப்பினா, புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை மூட்டி விட்டிருக்கேளே" என்றார்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "சாமி, கையெழுத்து வாங்கறதுக்கு நான் இன்னாத்துக்கு? ஜெராக்ஸ் கடை மணியே வாங்கிக் குடுப்பான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு இனி எந்த முகத்தோடு மலைக்குப் போவது என்று கவலை வேறு.

அந்த வாரம் அகிலா வரவில்லை. போனும் இல்லை. மணி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தக் கொயந்தகாரம்மா வர்லியாக்கா?" என்று கேட்டான். எனக்கு வேலையில் மனம் ஓடவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் நல்லது செய்தேனா, கெடுதல் செய்தேனா என்று தெரியவில்லை. பேசாமல் பழைய ரிட்டர்னில் ஸ்டேட்டஸை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால், அந்தக் குழந்தை இந்நேரம் அப்பாவிடம் போகிற வழியில் இருந்திருக்கும். என் நேர்மைக்காக அடுத்த வீட்டுக் குழந்தையைக் காக்க வைக்கிறேனோ என்று உறுத்தியது. ஆனால் அகிலா கேட்ட கேள்விக்கு என்னாலும் வேறு பதில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏழெட்டு நாள் கழித்து ஒரு காலை, கம்ப்யூட்டரைத் திறந்தால் குருக்களிடமிருந்து மெயில் வந்திருந்தது. அந்த வருடம் கோயிலில் புக் ஆன வீட்டு பூஜைகள் எல்லாவற்றையும் கோயில் மேனேஜரிடம் கேட்டு வாங்கி அனுப்பியிருந்தார். வங்கிக்கு வந்த தட்சிணை ஒருபுறம், கையில் வாங்கியதில் நினைவு இருக்கிற வரை இன்னொரு புறம். எங்கே நினைவில்லையோ அங்கே, "இதற்குக் குறைவாக இருக்காது" என்று எழுதியிருந்தார். கணக்கு எழுதிப் பழக்கமில்லாத மனிதர் உட்கார்ந்து எழுதியது என்று பார்த்தாலே தெரிந்தது.

உடனே போன் செய்தேன். "இன்னா சாமி, மனசு மாறிடுச்சு?"

"அகிலா சொன்ன ஜன்னல் என் கண்ணு முன்னாடியே நின்னுடுத்துக்கா. நான் கர்ப்பக்கிரகத்துல நின்னுண்டு தீபாராதனை காட்டறேன், அங்க அவ குழந்தையை வெச்சுண்டு எனக்காக முழிச்சுண்டு நிக்கறா. ரீஃபண்ட் போனா போகட்டும். அவளும் குழந்தையும் வந்தா சரி" என்றார்.

ரீஃபண்ட் முழுதாகப் போகவில்லை. தட்சிணையைச் சேர்த்ததில் குறைந்தது உண்மைதான். ஆனால் சேர்ந்து போட்டதில் கிடைத்த வரிக் கழிவு பெரிது என்பதால் கையில் கொஞ்சம் திரும்ப வந்தது. அதைச் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. நெஜத்தைச் சொல்லியும் பணம் தருகிறானா என்று இரண்டு முறை கேட்டார்.

6. கையெழுத்து

அகிலா வந்தாள். கூடவே மாமனாரும் வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் ஒரு பொட்டலம் விபூதியை மேஜையில் வைத்தார். பிறகு பேத்தியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். எங்களுக்குள் அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அகிலா ஒவ்வொரு வரியையும் படித்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியும், வரி ஆங்கிலம் யாருக்கும் தெரியாது. இது என்ன, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போனாள். இரண்டு இடத்தில் நானே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எந்த ஆடிட்டரும் ரிவ்யூவில் என்னை இவ்வளவு குடைந்ததில்லை. திருத்தத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில், தனியாகப் போட்டதைச் சேர்ந்து போடுவதாக மாற்றுகிறோம், விட்டுப்போன வருமானத்தைச் சேர்க்கிறோம் என்று நான் எழுதியதையும் படித்துத் தலையாட்டினாள். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அவர் அங்கே முந்தின நாளே போட்டு அனுப்பியிருந்தார்.

அமெண்ட் செய்த ரிட்டர்ன் ஏற்கப்பட்டு வர மாதங்கள் ஆகும். அதன் நகலை வைத்து வக்கீல் விசா பேப்பர்களைத் தயார் செய்தார். மார்கழியில் சென்னையில் இண்டர்வியூ. அகிலா போய்விட்டு நேராக என் ஆபீஸுக்குத்தான் வந்தாள். முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னாச்சுமா?"

"கிடைச்சுடுத்துக்கா. ரெண்டு பேருக்கும்." சொல்லிவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஆனா அந்த டேக்ஸ் பேப்பரை அவா தொடவே இல்லை! ஃபைலை நான் உள்ள தள்ளினேன், அப்படியே திருப்பித் தள்ளிட்டா. கல்யாணம் எங்க ஆச்சு, ஆத்துக்காரர் என்ன பண்றார், அவ்வளவுதான் கேட்டா. இதுக்கா நாம அவ்வளவு பாடு பட்டோம்?"

எனக்கும் சப்பென்று ஆகிவிட்டது. பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

"ஆனா ஒண்ணுக்கா. ஜன்னல்ல நிக்கறச்சே எனக்குப் பயமே இல்லை. எதை வேணும்னாலும் கேளுங்கோன்னு நின்னேன்."

தையில் இருவரும் கிளம்பினார்கள். அங்கே விமான நிலையத்தில் நடந்ததை அகிலா பிறகு போனில் சொன்னாள். குருக்கள் கையை நீட்டியபோது அபிராமி அவரிடம் போகவில்லையாம். அவரைப் பார்ப்பாள், அவர் கையிலிருந்த போனைப் பார்ப்பாள், மறுபடி அவரைப் பார்ப்பாள். சின்னதாக இருந்த அப்பா இவ்வளவு பெரிதானது எப்படி என்று அவளுக்குக் குழப்பம். வீடு போய்ச் சேரும்வரை யோசித்துவிட்டு, கடைசியில் அவர் தோளில் சாய்ந்து தூங்கினாளாம். அவர் விடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தம்பதி ரிட்டர்ன் வந்தால், மெயில் அனுப்புவது ஒருவராகத்தான் இருக்கும். பேசுவதும் அவர்தான், ஃபீஸ் தருவதும் அவர்தான். அந்த ஒருவரிடம் மட்டும் பேசி வேலையை முடித்துவிடாதீர்கள். இன்னொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்லுங்கள். சொன்னால் சண்டை வரலாம், ஒரு வாரம் தூக்கம் கெடலாம், மாமனார் போன் செய்யலாம். பரவாயில்லை. பிரித்துப் போட்டதைச் சேர்க்க மூன்று வருடம் தருகிறார்கள். தெரியாமல் போட்ட கையெழுத்தைத் திருப்பி வாங்க அவ்வளவு சுலபத்தில் வழி கிடையாது.

அவர்கள் போன பிறகு வந்த முதல் சீசனில் ரிட்டர்ன் இரண்டு பேர் பெயரிலும் போனது. அந்தக் கோயிலின் இன்னும் இரண்டு அர்ச்சகர்களின் மனைவிகள், நாங்களும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவோம் என்று சொல்லி எனக்குப் போன் செய்தார்கள். அது அகிலாவின் வேலை என்று கேட்காமலே தெரிந்தது.

இந்த ஜனவரியில் குருக்களே கூப்பிட்டார். தட்சிணைக் கணக்கை மாதாமாதம் எழுதி வைத்திருப்பதாகக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"அகிலா பாத்தாச்சா சாமி?"

"அவ பாத்து, ரெண்டு தப்பு கண்டுபிடிச்சு, திருத்தியாச்சு. அப்பறந்தான் உங்களைக் கூப்பிடச் சொன்னா." பின்னால் அபிராமியின் குரல் கேட்டது, எதையோ வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து அவளைச் சமாதானம் செய்துவிட்டு, "அக்கா, ஒரு சந்தேகம். போன வருஷம் தையிலேர்ந்து குழந்தை எங்களோடதானே இருந்தா. அவ பேரும் இதுல வருமா?" என்று கேட்டார்.

"வரும் சாமி."

"அப்போ மூணு பேர்னு போடுங்கோ."

மூன்று பேர் என்று போட்டேன்.